காலடியில் ஒரு டீபேக்

“வீட்டுல ஒரு டீபேக் கூட கண்ணுல படக்கூடாது!”

காலையிலிருந்து பத்திநாதன் ஓடிக்கொண்டே இருந்தார். மனைவி றோசலினுக்கு ஹட்டனில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் பங்களாவில் அறை கூட்டும் வேலை. அவர்கள் குடித்துவிட்டுப் போட்ட டீபேக்குகளைக் கொண்டுவந்து காயவைப்பாள். ரோசாச் செடிக்குப் போடுவாள், நாற்றம் போகச் சப்பாத்துக்குள் வைப்பாள்.

“இந்த மழையில சப்பாத்து நாறாம இருக்க அது நல்லதுதானேங்க?”

“மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாத்தா, எச்சி பொறுக்குற குடும்பம்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. நம்ம கேத்ரினுக்கு இப்பத்தான் ஒரு நல்ல இடம் வந்திருக்கு!”

எல்லாவற்றையும் அள்ளி வாளியில் போட்டு மூடினார்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பின்னால் வந்த பத்திநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசற்படியில் ஒரு டீபேக்!

சட்டென்று அதை மிதித்துக்கொண்டு நின்றார்.

“நீங்களும் உக்காருங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“பரவால்லங்க, நின்னே பழகிருச்சு.”

பேச்சு நீண்டது. கால் மரத்துப்போனது. மாப்பிள்ளையின் அப்பாவோ பேச்சில் ஒட்டாமல் பத்திநாதனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தால், டீபேக்கின் நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

போச்சு!

ஒருவழியாக எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் ஒற்றைச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். பிறகு பத்திநாதனின் காதருகே வந்தார்.

“காலக் கொஞ்சம் தூக்குங்க, சம்பந்தி. அது என் சப்பாத்துல இருந்து விழுந்தது.”