கல்லுக்கு இட்ட மை

முதலில் முகத்தைத் துடைத்தாள்.

முந்தானை நுனியால் நெற்றி, கன்னம், மூக்கு. எத்தனை வருடத் தூசியோ. அந்தக் கல் பெண்ணின் முகத்தை யாரும் தொடுவதில்லை.

தொடுகிற இடம் வேறு.

கோயில் மண்டபத்துத் தூண் சிலை. மற்றதெல்லாம் மங்கிக் கிடக்க, மார்பு இரண்டும் மட்டும் மினுமினுக்கும். போகிற வருகிற ஆண்களின் கை பட்டுப் பட்டு வந்த மினுக்கம். இப்படி ஒரு சிலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கண்ணுகளா. பார்த்தும் பாராதது போலக் கடந்திருப்பீர்கள்.

சிமிழைத் திறந்தாள்.

விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்த கண் மை. போன தை மாதம் இதே மண்டபத்தில் ஒருவன் அவளைப் பெண் பார்க்க வந்தபோது, கண்ணில் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதைத்தான்.

அன்று தலை குனிந்துதான் இருந்தாள். ஆனாலும் பார்த்தாள்.

பெரியவர்கள் ஜாதகம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் இந்தத் தூணில் சாய்ந்து நின்றான். கை, வழி தெரிந்த கை போல, கல்லின் மார்புக்குப் போயிற்று. கண் இவள் மார்பில் நின்றது.

மறுநாள் தரகர் வந்தார். பிள்ளைக்கு இஷ்டமில்லையாம். பெண் பலகை மாதிரி இருக்கிறாளாம்.

அப்பா அதற்குப் பிறகு அவள் முகம் பார்த்துப் பேசவில்லை. அம்மா பஞ்சு வைத்த உள்ளாடை ஒன்று வாங்கி வந்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

இன்று, வெள்ளிக்கிழமை, அதே பிள்ளைக்கு, அதே மண்டபத்தில், வேறொரு பெண். சொன்னதும் அதே தரகர்தான்.

கல்லின் மார்பில் மையைத் தடவினாள். கறுப்புக் கல்லில் கறுப்பு மை. தடவியது தெரியவில்லை.

அடுத்த தூணடியில் போய், கும்பிட வந்தவள் போல உட்கார்ந்தாள்.

வந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஜாதகப் பேச்சு.

அவன் சாய்ந்தான்.

கை போயிற்று.

பூசை முடித்த அர்ச்சகர் திருநீற்றுத் தட்டோடு வந்தார். அவன் வலது கையை நீட்டினான்.

உள்ளங்கை முழுக்கக் கறுப்பு.

திருநீறு அந்தரத்திலேயே நின்றது. அர்ச்சகர் தூணைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பா. பிறகு அந்தப் பெண். சிலையின் மார்பில் ஐந்து விரலும் மையை இழுத்த மினுக்கத் தடம்.

சுவர் அழுக்கு என்றாள் அவன் அம்மா. யாரும் சுவரைப் பார்க்கவில்லை.

பெண்ணின் அப்பா ஜாதகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவன் குழாயடியில் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க மணிக்கட்டுக்கு ஏறியது. வேட்டியில் துடைத்தான். வேட்டிக்கும் வந்தது.

எல்லோருக்கும் பின்னால் போன அந்தப் பெண், இவள் முன்னால் வந்ததும் நின்றாள். மை தீட்டிய கண். அது இவள் நகக்கண்களில் இருந்த கறுப்பைப் பார்த்தது.

இவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் குழாயடியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"தண்ணியில போவாதுக்கா. எண்ணெ தொட்டுத் தேயிங்க."