இரங்கல் செய்திக்கு ஒரு பெயர்

‘இறந்தவர் பெயர்’ என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

இறந்தவர்தான் இன்னும் கிடைக்கவில்லை.

வடக்கனந்தல் ரோட்டில் இருக்கும் அந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தில் எனக்கு ஒரு மாதப் பயிற்சி. பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிப்பவனுக்கு இரங்கல் செய்தி எழுத வரும் என்று மேனேஜர் சிவசங்கர் எதை வைத்து முடிவு செய்தார் என்று தெரியவில்லை.

பாலைக் குளிர்விக்கும் அம்மோனியா கசிந்தால் என்ன செய்வது என்று சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு திட்டம் போட்டிருந்தது. அதன்படி ஒவ்வொரு கிளையும் கற்பனையாக ஒரு விபத்தைச் சந்தித்து, கற்பனையாக ஒருவரைப் பறிகொடுத்து, பத்திரிகைகளுக்கு ஒரு செய்தி எழுதி, பகல் பன்னிரண்டு மணிக்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும்.

பெயர் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். கற்பனைப் பெயர் போட்டால் துக்கத்தில் பயிற்சி கிடைக்காதாம்.

மணி பதினொன்று இருபது. மலையிலிருந்து வந்த பால் கேன்கள் வெளியே இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

“நாராயணசாமி, உன் பேரைப் போட்டுக்கலாமா?” என்று கேட்டார் மேனேஜர்.

அம்மோனியா மெஷின் பார்க்கும் நாராயணசாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “இன்னா சார், பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு இருக்கேன். உசுரோட இருக்கறவன் பேர அதுல எழுதுவாங்களா?”

லேபில் பால் சோதிக்கும் ஷாலினி, தனக்கு ஐந்தாம் மாதம் என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் யாரும் அவரைக் கேட்கவில்லை.

“அப்ப நீங்களே சாவுங்களேன் சார்” என்றார் நாராயணசாமி, மரியாதையாக.

“நான் செத்தா பத்திரிகைக்காரன் கிட்ட யாருய்யா பேசறது?” மேனேஜர் திட்டத்தின் ஏழாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். அப்படித்தான் இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பயிற்சி மாணவர்கள் இறப்பது பற்றித் திட்டத்தில் ஒரு வரி கூட இல்லை என்பதைத் தெரிவித்துக்கொண்டேன்.

கதவோரம் தரை துடைத்துக்கொண்டிருந்த தைலம்மாள் நிமிர்ந்தார்.

காண்ட்ராக்டர் அனுப்பிய ஆள். எட்டு வருஷமாக இங்கே துடைக்கிறார். முட்டி தேய்ந்துவிட்டது, வைத்தியம் பார்க்க ஒரு ஈ.எஸ்.ஐ. அட்டை வேண்டும் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறார். அட்டைக்கு ஊழியர் எண் வேண்டும். ஊழியர் எண்ணைத் தலைமை அலுவலகம் தர வேண்டும். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று மூன்று வருஷமாக ஒரே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல்.

“எம் பேரப் போட்டுக்க தம்பி” என்றார்.

“வாயக் கழுவு யக்கா. பயமா இல்ல?” என்றார் நாராயணசாமி.

“இன்னாடா பயம்? இந்தக் கம்பெனில எம் பேரு இருந்தாத்தான சாவறதுக்கு.”

தைலம்மாள் என்று தட்டினேன். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது: ஊழியர் எண் இல்லாதவருக்கு இரங்கல் தெரிவிக்க இயலாது.

மேனேஜர் தலையில் கை வைத்தார்.

கீழே ‘அவசரம்’ என்று ஒரு பட்டன் இருந்தது. நெருக்கடி நேரத்தில் கிளை எதைக் கேட்டாலும் கால் மணி நேரத்துக்குள் தலைமை அலுவலகம் தந்தாக வேண்டும் என்பது திட்டத்தின் மூன்றாம் விதி. நிஜமாகவே தருவார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. இறந்தவருக்கு எண் தேவை என்று எழுதி அமுக்கினேன்.

பதினோரு நிமிடத்தில் எண் வந்தது.

தைலம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

“படி தம்பி.”

படித்தேன். பெயர், தைலம்மாள். ஊழியர் எண், இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு. பணியில் சேர்ந்த நாள், இன்று. இறந்த நாள், இன்று.

நாராயணசாமி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“மாதிரிக்குத்தாம்மா. சாயங்காலம் அவங்களே அழிச்சிடுவாங்க” என்றார் மேனேஜர்.

தைலம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, என் காதருகே, மேனேஜருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“இப்பவே இன்னொரு வாட்டி அவசரம்னு அமுக்கு தம்பி. சேந்த தேதி தப்பு. எட்டு வருசம் முன்னாடி, ஆடி மாசம்னு போடச் சொல்லு.”

“செத்த தேதி?”

“அத அப்பறமா பாத்துக்கலாம்.”