மறந்துபோன பாஸ்வேர்டு

"மறுபடியும் பாஸ்வேர்டு மறந்துட்டீங்களாக்கா? இந்த மாசத்துல மூணாவது தடவை லா."

கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து நாச்சம்மை அலுத்துக்கொண்டாள். பினாங்குக் கிளையின் மூத்த குமாஸ்தா செல்வநாயகி, "வயசாகுதில்லையாம்மா" என்றாள்.

"சரி, ரகசியக் கேள்வி. உங்க வீட்டுக்காரர் பேரு?"

செல்வநாயகி மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அம்பிகைபாகன்."

"சரிதான். புது பாஸ்வேர்டை எழுதிக்குங்க. ஆனா, வீட்டுக்காரர் பேரை யாரும் சுலபமா கண்டுபிடிச்சிடுவாங்கக்கா. திங்கக்கிழமையிலேருந்து அந்தக் கேள்வியை எடுக்கிறோம். முதல்ல படிச்ச ஸ்கூல், அந்த மாதிரி ஏதாவது வச்சுக்குங்க."

"இதையே விட்டுடேம்மா."

"ரூல் மாறிப்போச்சு லா. நான் என்ன செய்ய?"

செல்வநாயகி போனை வைத்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவரை 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கணவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். போன தை மாதம் அவர் கண்ணை மூடிய பிறகு, இஞ்சாருங்கோ என்றால் திரும்பிப் பார்க்கவும் யாரும் இல்லை.

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். காலையிலேயே பாஸ்வேர்டைத் தட்டித் திறந்த கம்ப்யூட்டரில், பாதி அடித்த கடிதம் அப்படியே இருந்தது.