பொளிச்சு

குளத்தூர் பஞ்சாயத்துக் கலைவிழாவுக்கு மேடை போட்டது ராஜப்பன்தான். நேற்றைய மழையில் மைதானத்து மண் இளகியதிலிருந்து அவர் மனைவி ரத்னபாய்க்கு மேடை நிற்குமா என்ற பயம்தான். மகள் ஜோஸ்னாவின் குரூப் டான்ஸ் முடியும் நேரம். வீட்டில் இருப்புக்கொள்ளாமல், விழாவுக்குப் போயிருந்த நாத்தனார் மகன் அனூப்புக்குப் போன் போட்டாள்.

"மக்கா, அங்க எப்பிடி உண்டு?"

பெரிய இரைச்சலுக்கு நடுவே அனூப் கத்தினான். "நம்ம ஜோஸ்னாவும் பிள்ளைகளும் ஸ்டேஜப் பொளிச்சு மாமி."

போன் கட்டானது.

பொளிச்சு என்றால் இடித்துத் தள்ளுவது என்றுதான் ரத்னபாய்க்குத் தெரியும். மேடையில் பன்னிரண்டு பிள்ளைகள். செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

மேடை நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் ஆடி முடித்து, கூட்டத்தைக் கும்பிட்டார்கள்.

கூட்டத்தில் நின்ற அனூப்பைப் பிடித்து இழுத்தாள். "எலே, பொளிச்சுண்ணு சொன்னியே?"

"சூப்பரா ஆடினாங்கண்ணு சொன்னேன் மாமி. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் சொல்லும்."

ரத்னபாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"உனக்க மாமன் எங்க மக்கா?"

"டான்ஸ் தொடங்கினப்பமே ஸ்டேஜுக்கு அடியில போனாரு. பின்ன காணேல்ல."

மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியைத் தூக்கிவிட்டு அவள் குனிந்து பார்த்தாள். மேடையின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் ராஜப்பன், முழங்கால்வரை சேற்றில் நின்று, உத்திரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார்.

கூட்டம் "ஒன்ஸ் மோர்" என்று கத்தத் தொடங்கியது.

"ரத்னம்," என்றார் அவர், "ஒன்ஸ் மோர் வேண்டாமுண்ணு ஓடிப்போய்ச் சொல்லு."