ஆண்கள் இல்லாத வீடு

“யென்ஸ் இந்த வீட்டுலதான் இருக்காரா தம்பி?”

குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த அக்கா கேட்டபோது நான் கேட்டில் சாய்ந்து நின்றிருந்தேன். கைகள் டவுசர் பைக்குள் இருந்தன. அவற்றை எடுக்காமல், கேட்டில் தொங்கிய போர்டைத் தாடையால் காட்டினேன்.

“படிச்சுக்கோங்க அக்கா.”

‘இந்த வீட்டில் ஆண்கள் இல்லை’ என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது.

அக்கா கூட வந்தவரைப் பார்த்தார். அவர் போர்டை இரண்டு தடவை போட்டோ எடுத்துக்கொண்டார்.

தப்பு என்று தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

யென்ஸ் அம்மாவின் இரண்டாவது புருஷன். டென்மார்க்காரர். தாய்லாந்துப் பெண்ணைக் கட்டியவர் என்பதால்தான் அவருக்கு இங்கே விசா. அதையும் வருஷா வருஷம் நீட்ட வேண்டும். கல்யாணப் பத்திரம், இரண்டு பேரும் வீட்டுக்குள் நிற்கிற போட்டோ, கோயில் குளமெல்லாம் போட்டு வீட்டுக்கு வழி காட்டும் படம், எல்லாம் கொடுத்தாக வேண்டும். அப்புறமும் இரண்டு பேரும் நிஜமாகவே சேர்ந்து வாழ்கிறார்களா என்று ஆள் வந்து பார்ப்பார்கள். இல்லை என்று எழுதிவிட்டால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, ஏதாவது தொழில் கற்றுக்கொள் என்று தினமும் உயிரை எடுத்தவர் அவர். ‘விசாவுக்காக எங்க அம்மாகிட்ட ஒட்டிக்கிட்ட ஆளு’ என்று ஊர்ப் பையன்களிடம் நானே சொல்லிவைத்திருந்தேன்.

போர்டு விசாவுக்காக வந்ததல்ல. ஒரே மாதத்தில் எங்கள் ஊரில் மூன்று ஆண்கள் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் என் நண்பன் கெங்கின் அண்ணன். பத்தொன்பது வயது. முந்தின சாயங்காலம்கூட எங்களோடு பந்து விளையாடினான்.

விதவைப் பேய் புருஷன் தேடி அலைகிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே வழிதான். இங்கே பெண்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்று அவளை ஏமாற்ற வேண்டும். எல்லா வீட்டு வாசலிலும் சிவப்புச் சட்டை தொங்கியது. ஆம்பளைகள் படுக்கும் முன்னால் நெயில் பாலிஷ் பூசிக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு போர்டு. எழுதச் சொன்னதும் ஆணி அடித்ததும் யென்ஸ்தான். பத்து நகத்துக்கும் சிவப்புப் பூசிக்கொண்டு, பகலிலும் அழிக்காமல் சந்தைக்குப் போய் வந்தார். பாட்டிலை மட்டும் எல்லோர் கைக்கும் எட்டும்படி தண்ணீர்ப் பானை மேல் வைத்துவிடுவார்.

“ஆறடி ஆளு, பேய்க்கு எப்படி நடுங்குறான் பாரு,” என்று கெங்கிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் பையன்கள் நகத்தை ஊதிக் காட்டினார்கள். அவரும் பதிலுக்குத் தன் நகத்தை ஊதிக் காட்டிவிட்டுப் போவார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அம்மாவைப் பப்பாளிக்காய் சாலட் கடையிலிருந்து கூட்டிக்கொண்டு யென்ஸ் வந்து இறங்கினார். கக்கத்தில் விசாக் காகிதக் கட்டு.

அக்கா அவர்களிடம் போர்டைப் பற்றிக் கேட்டார். அம்மா பேய்க் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த அக்காவும் பக்கத்து மாவட்டம்தானாம். அவர் அப்பா வீட்டிலும் சிவப்புச் சட்டை தொங்குகிறதாம்.

“அது எனக்குப் புரியுதும்மா. ஆனா இவர் இங்க இருக்காரான்னு கேட்டதுக்கு உங்க பையனே இந்த போர்டைத்தான் காட்டினான். அதை நான் என்னன்னு எழுதட்டும்?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா யென்ஸ் பக்கம் திரும்பினார். “நாங்க இந்த வாரம் வருவோம்னு சொல்லித்தானே அனுப்பினோம்? அதுவரைக்குமாவது இதைக் கழட்டி வெச்சிருக்கலாமே?”

“நானும் அதைத்தான் சொன்னேன் மேடம்,” என்றாள் அம்மா. “இவர்தான் கேக்கல. ஒரு நாள் கழட்டினாலும் தோங் தூங்க மாட்டான்னு…”

தோங் நான்தான்.

யென்ஸ் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“பயம் எனக்குத்தான்,” என்றார், உடைந்த தாய் பாஷையில். “எனக்குப் பேய்ன்னா ரொம்பப் பயம்.”

கேமராக்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். யென்ஸ் சிவந்த நகங்களோடு காகிதக் கட்டைப் பிடித்தபடி நின்றார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவருக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. எனக்கு அது தெரியும். வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பேய்க் கதைகளைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த மனுஷன்.

அக்கா பேனாவைத் திறந்தார்.

நானும் தினமும் படுக்கும்போது நகத்தில் பூசி, விடிந்ததும் யாரும் பார்ப்பதற்குள் சுரண்டிவிடுவேன். அன்றைக்கு எழுந்ததே நேரம் கழித்து; சுரண்டுவதற்குள் இவர்கள் வந்துவிட்டார்கள்.

டவுசர் பையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து அக்காவின் முன்னால் நீட்டினேன். பத்து நகமும் சிவப்பு.

“இந்த வீட்டுல ஆம்பளை இருக்காரு, அக்கா. அந்த போர்டு எனக்காக மாட்டினது.”