டம்ளர் இருக்கும் இடம்

"டம்ளர் எங்க இருக்கு?"

கேட்ட பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சோபாவுக்கு எதிரே நிறுத்தியிருந்த போனில் வெளியூர் மகள், மடியில் பேத்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, நம்ம வீட்லயே டம்ளர் எங்கன்னு கேக்கறீங்க?"

"மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டே கண்ணாடியைத் தேடறவருடி உங்கப்பா" என்று சிரித்தபடி எழுந்துபோனாள் அம்மாக்காரி. தண்ணீரை நீட்டும்போது, போனுக்கு எட்டாத குரலில், "மானத்தை வாங்காதீங்க. நீங்க போனப்புறம் அலமாரியெல்லாம் மாத்திட்டேன்" என்றாள்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊருக்கே பிரேக் போடச் சொல்லிக்கொடுத்தவருக்கு, தன் வாய்க்கு மட்டும் போடத் தெரியவில்லை. சண்டை முற்றி, வெளியே ஒரு வாடகை அறைக்குக் குடிபோய், இப்போது விவாகரத்து வழக்கு நடக்கிறது.

"பிள்ளை முன்னாடி மட்டும் சண்டை வேணாம். என்ன படிக்குது?" என்று முதல் நாளே கேட்டிருந்தார் கோர்ட் ஆலோசகர்.

"அதுக்கே ஒரு பிள்ளை இருக்கு, அதுதான் படிக்குது மேடம்" என்றார் இவர்.

ஆலோசகருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தூரத்தில் இருக்கும் மகளுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள். ஆகவே ஞாயிறுதோறும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, அரை மணி நேரம் புருஷனாக உட்கார்ந்துவிட்டுப் போவார். "சாப்பிட்டீங்களா?" என்று வாரத்தில் யாராவது அவரைக் கேட்பது அந்த அரை மணியில்தான். அதுவும் மகள் காதில் விழுவதற்காக.

டம்ளர் பேச்சை மாற்ற, "மாப்பிள்ளை எங்கம்மா?" என்றார்.

"குளிக்கறாருப்பா."

"போன வாரமும் குளிச்சாரு, அதுக்கு முந்தின வாரமும் குளிச்சாரு. மனுஷனுக்குத்தானே கட்டிக்குடுத்தோம், நீர்யானைக்கு இல்லையே?"

மகள் தேவைக்கு மேலேயே சிரித்தாள். "அடுப்புல பால் இருக்கு, இதோ வரேன்" என்று எழுந்துபோனாள்.

"நீயாவது சொல்லு குட்டி. அப்பா இன்னுமா குளிக்கறாரு?"

பேத்தி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, போனில் மூக்கு இடிக்கும்படி நெருங்கி வந்தாள்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னிருக்காங்க, நீங்க அழுவீங்களாம். அப்பா சனிக்கிழமை மட்டும்தான் வருவாரு தாத்தா. அவரும் உங்கள மாதிரியே, டம்ளர் எங்கன்னு கேப்பாரு."