சோற்றின்மேல் ஏழு கடலை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஹேரிம், மதிய இடைவேளையில் எதிரே இருந்த பல்பொருள் கடைக்குப் போய், புதிதாக வந்திருந்த மாலா சோற்றுப்பெட்டியை வாங்கினாள். நாக்கை மரத்துப்போக வைக்கும் சீனக் காரம் அது. கடையிலேயே சூடாக்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து மேல்தாளைப் பிரித்தாள்.

ஒரு பக்கம் சிவக்கச் சிவக்கக் கோழிக்கறி. மறுபக்கம் சோற்றின்மேல் ஏழு வேர்க்கடலைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் மட்டும் துளி எண்ணெய் இல்லை. யாரோ சப்பி எடுத்ததுபோல் வெளுத்திருந்தன.

தங்கை ஹேஜுவுக்குக் கடலை பிடிக்காது. மாலா கறியில் கிடக்கும் கடலையில் காரத்தை மட்டும் சப்பிவிட்டு, அதை அக்காவின் சோற்றில் அடுக்கிவைப்பாள்.

"கருமம், எச்சில்டி" என்று ஹேரிம் தள்ளிவிடுவாள். ஒருநாளும் தின்றதில்லை. ஹேஜு இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

பெட்டியைக் கல்லாவுக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் மேங் எட்டிப் பார்த்தார்.

"எவனோ விளையாடியிருக்காம்மா. வேற தரேன்."

அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து அவரே பிரித்தார். அதிலும் ஏழு. மூன்றாவதைப் பிரித்தவர் உடனே மூடிவிட்டார்.

"இது வேணாம்மா. நீ வீட்டுக்குப் போ."

"இல்லண்ணே. குடுங்க, சாப்பிட்டுக்கிறேன்."

சூடாக்கிய முதல் பெட்டியோடு திரும்ப வந்து உட்கார்ந்தாள். சோற்றிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. முதல் கடலையை எடுத்து வாயில் போட்டாள். அது சுடவில்லை. அப்போதுதான் ஒரு வாயிலிருந்து எடுத்ததுபோல் ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.